சலூன்காரன் வளர்த்த பாசி

பதுளை பஸ் நிலையத்திலிருந்து பசார் வீதிக்கு இறங்கும் குறுக்குச் சந்தில் சதீஸ்குமாரின் வீடு இருக்கிறது. முன்னறைதான் சலூன். நடுவறையில் அவன் மனைவி தனுஜா பெண்களுக்கு நூலால் புருவம் திருத்துவாள். அதற்கும் பின்னால் சமைக்க ஒரு சின்னக் குசினி. வாடகை வீடுதான்; ஆனாலும் வாசல் பலகையில் தன் பெயரை ஓர் எழுத்தும் குறையாமல் எழுதிவைத்திருந்தான். அவன் பிறந்து வளர்ந்த நரிக்கல் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அவனை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வீரய்யா மகன்" என்பார்கள். கோபம் வந்தால் சாதியைச் சொல்வார்கள்.

சலூன் தொடங்கிய புதிதில் சுவரில் ஒரு டீவி இருந்தது. கிரிக்கெட் நாளில் கூட்டம் நிறைந்தது, ஆனால் ஒருவரும் நாற்காலியில் ஏறவில்லை. தேர்தல் வந்தபோது பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே டீவியைக் கழற்றி விற்றுவிட்டு, பசாரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் முஸ்தாக்கிடம் ஒரு பழைய கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தான். காத்திருப்பவர்கள் சண்டை பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான் அவன் எண்ணம்.

தொட்டிக்குள் கப்பி மீன்களோடு முதலில் பிளாஸ்டிக் செடிதான் வைத்தான். அதைப் பார்த்த முஸ்தாக்குக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஈரப் பத்திரிகைத் தாளில் ஒரு பச்சைப் பந்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஜாவா மொஸ் மச்சான். இதுக்கு மண்ணும் தேவல்ல, உரமும் தேவல்ல. பதுளத் தண்ணி குளிர்தானே, அதுக்கு நல்லாப் பிடிக்கும். வெயில மட்டும் காட்டாத."

வெயிலைக் காட்டினால் என்ன ஆகும் என்பதைச் சதீஸ்குமார் பட்டுத்தான் தெரிந்துகொண்டான். வாசலோரம் தொட்டியை வைத்ததில், வழுவழுவென்று வேறொரு பாசி கிளம்பி, மொஸ்ஸைப் போர்வை போல மூடிவிட்டது. எல்லாவற்றையும் அள்ளிக் கழுவி, தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, மேலே ஒரு சின்ன பல்பு மாட்டினான். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்து, குளோரின் வாடை போன பிறகே ஊற்றினான். மொஸ் மிதந்து மிதந்து மூலைக்குப் போனது. தனுஜாதான் வழி சொன்னாள். புருவம் திருத்தும் பருத்தி நூலை எடுத்து, ஆற்றுக்கல்லின் மேல் மொஸ்ஸை மெல்லியதாகப் பரப்பி, சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொடுத்தாள். நூல் உக்கிப்போவதற்குள் மொஸ் கல்லைப் பிடித்துக்கொண்டது. பிறகு அதற்கு ஒரு வேலைதான்: வளர்வது. கப்பி மீன் குஞ்சுகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். தின்ன வரும் தாய் மீன் தேடித் தேடித் தோற்றுப்போகும்.

வளர்ந்ததை வெட்டவும் வேண்டும். அடர்ந்துவிட்டால் அடியில் வெளிச்சமும் தண்ணீரும் போகாமல் பழுத்துவிடும். அதற்கென்று ஒரு கத்தரிக்கோலைத் தனியாக வைத்திருந்தான். முடி வெட்டுவது போலவே விரலிடுக்கில் பிடித்து, ஓரம் சீராக வெட்டுவான். வெட்டிய துணுக்குகளைத் தேயிலை வடியால் அள்ளி, கேட்கிறவர்களுக்கு சொப்பிங் பேக்கில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிடுவான். பெரியாஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் ஒரு மிஸ்ஸி, "ஒங்க கடைக்கு வந்தா தலைவலி கொறையுது" என்று சொல்லி இரண்டு முறை வாங்கிப் போனார்.

சதீஸ்குமாருக்குத் தொழிலில் வெட்கம் கிடையாது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சலூனில் வேலை பழகியபோது, பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் அவன் கைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். வேலை முடிந்ததும் நன்றி சொன்னார்கள். அவனுக்கு ஆகாதது வேறு. நரிக்கல் தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் ஓடுவது லயத்து வரிசை வீடுகளில் வீரய்யா இருக்கும் காம்பராவுக்குத்தான். அவர் கொழுந்து மலையிலிருந்தாலும் சரி, காய்ச்சலில் கிடந்தாலும் சரி, சவரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். சங்கு ஊதவேண்டும். கொள்ளி வைக்கிறவருக்கு மழிக்கவேண்டும். சுடுகாட்டில் கொள்ளிக்குடத்துக்குத் துளை போடவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு சுளகில் அரிசியும் தேங்காயும் வைத்துத் தள்ளிவிடுவார்கள். 'வர முடியுமா' என்று ஒருவரும் கேட்டதில்லை. "குடிமகன வரச் சொல்லு" என்பதுதான் அழைப்பு; குடிமகன் என்றால் ஊருக்கு மழிக்கிறவன்.

வீரய்யா அதைத் தவறாக நினைத்ததே இல்லை. மகன் நினைத்தான். அதனால்தான் பதுளைக்கு இறங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நரிக்கல் தோட்டத் தலைவர் சன்னாசி பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம், மழைக்கு ஒதுங்கி சலூனுக்குள் வந்தார். தோட்டத்துப் பையன்கள் சிலர் பெஞ்சில் இருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சதீஸ்குமார் தொட்டிக்குள் கைவிட்டு மொஸ்ஸை வெட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா சதீசு இது? மயிரு வெட்டுறவன் தண்ணிக்குள்ளயும் மயிரு வளக்குறியா?"

பையன்கள் சிரித்தார்கள். சதீஸ்குமார் கையை எடுக்கவில்லை.

"ஆமாங்க தலைவரே. வெட்ட வெட்ட வளருது. ஒக்காருங்க, ஒங்களுக்கும் வெட்டி விடுறேன்."

"எனக்கா? இந்தக் கதிரையிலயா? எனக்கு ஒங்கப்பன் என் வீட்டு வாசலுக்கு வந்து வெட்டுவான்டா."

"அப்பாவுக்கு இப்பல்லாம் கை நடுங்குதுங்க."

"நடுங்குனா நீ வா" என்றார் சன்னாசி. மழை விடும் முன்பே இறங்கிப் போய்விட்டார்.

சன்னாசியின் தாய் பேச்சியம்மா இறந்தது அதற்குப் பிறகு வந்த மாதத்தில். காலையில் ஒரு வாடிக்கையாளர் பாதி நுரையோடு நாற்காலியில் இருக்க, ஆட்டோவில் இரண்டு பேர் வந்து வாசலிலேயே நின்றார்கள்.

"தலைவரோட அம்மா தவறிட்டாங்க. ஒங்கப்பாவால முடியாதாம். பெட்டிய எடுத்துக்கிட்டு ஏறு."

"நீங்க போங்க. நான் வாறேன்."

"பெட்டி?"

"நான் வாறேன்னு சொன்னேன்."

ஆட்டோ போனதும் தனுஜா நடுவறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"போகப் போறீங்களா?"

"போகணும் தனு. ஸ்கூல் விட்டு வர்றப்ப எத்தனையோ நாள் எனக்குச் சோறு போட்ட மனுசி."

"வேலைக்கா?"

"சாவுக்கு."

தனுஜா அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய் அவனுடைய வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினாள். தனக்கும் ஒரு சேலை எடுத்துவைத்தாள். நாற்காலியில் இருந்தவரை முடித்து அனுப்பிவிட்டு, கடையைச் சாத்தி, இருவரும் பசாரில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு தோட்டத்து பஸ்ஸில் ஏறினார்கள்.

லயத்தின் முன்னால் கொட்டகை போட்டு பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கியிருந்தார்கள். தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சதீஸ்குமார் நேராக உள்ளே போனான். பேச்சியம்மாவின் கழுத்தில் மாலையைப் போட்டான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவனுக்குக் கண் கலங்கியது, அது நடிப்பல்ல. தனுஜா பெண்களோடு போய் உட்கார்ந்து அழுதாள். அவன் வெளியே வந்து, முன் வரிசையில் காலியாக இருந்த ஒரு கதிரையில் உட்கார்ந்தான்.

தப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு நின்றுவிட்டது. அந்தத் தோட்டத்தில் அவன் குடும்பத்தார் ஒருவர் துக்க வீட்டில் கதிரையில் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

சன்னாசி வந்து முன்னால் நின்றார். "பெட்டி எங்கடா?"

"பெட்டி கொண்டு வரல்லங்க. மால கொண்டாந்தேன்."

"அப்ப மழிக்கிறது யாரு?"

"ரேசர் எல்லாரு வீட்டுலயும் இருக்குங்க தலைவரே. ஒங்க தம்பிமாரு தெனமும் மொகம் வழிக்கிறவங்கதானே."

யாரோ ஒருவர் பின்னால் நின்று கெட்ட வார்த்தை சொன்னார். சதீஸ்குமார் திரும்பவில்லை. கதிரையின் கைப்பிடியை அவன் விடவில்லை. 'எழும்பினால் இனி எப்போதும் எழும்பியே நிற்கவேண்டியதுதான்' என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் லயத்தின் கோடியிலிருந்து வீரய்யா வந்தார். முடியாது என்று படுத்திருந்தவரை எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். கையில் பெட்டி. மகனை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சன்னாசி மணையில் உட்கார, வீரய்யா மண்ணில் குந்தி மழிக்கத் தொடங்கினார். கை ஆடியது. காதோரம் கத்தி பட்டு ரத்தம் கசிந்தது. பக்கத்தில் நின்ற சன்னாசியின் தம்பி, "கண்ணு தெரியாதா ஒனக்கு?" என்று வீரய்யாவின் கையைத் தட்டிவிட்டான். கத்தி மண்ணில் விழுந்தது.

சதீஸ்குமார் பாய்ந்து எழுந்தான். பெண்கள் பக்கமிருந்து தனுஜாவின் பார்வை வந்தது. சவம் கிடக்கிறது, இப்போது வேண்டாம் என்று அந்தப் பார்வை சொன்னது. அவன் மறுபடி உட்கார்ந்தான். வீரய்யா கத்தியைப் பொறுக்கி, தண்ணீரில் கழுவி, மிச்சத்தையும் மழித்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும் பாதையில் தகப்பன் மகனிடம் ஒரே ஒரு தடவை பேசினார்.

"என் மானத்த வாங்கிட்டியேடா."

"மானம் போனது என்னாலயா அப்பா? வாங்க, எங்களோட வந்துடுங்க."

"எங்கப்பா செஞ்ச வேல இது. நான் வரமாட்டேன்."

அந்த வாரமே கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். நரிக்கல் தோட்டத்தார் யாரும் சதீஸ்குமாரின் சலூனுக்குப் போகக்கூடாது. போனவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். பெஞ்சில் இடம் காலியானது. டவுன் ஆட்கள் வந்தார்கள், ஆனால் சனி, ஞாயிறுகளில் கூட்டமாய் வந்து சிரித்துக் கொட்டமடிக்கும் தோட்டத்துப் பையன்களைக் காணவில்லை. சதீஸ்குமார் வழக்கம்போல் காலையில் திறந்தான், இருட்டும் மட்டும் வைத்திருந்தான். ஆள் இல்லாத நேரத்தில் தொட்டியைச் சுத்தம் செய்தான்.

ஒருநாள் பின்னேரம் ஒரு வயதானவருக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது, தொப்பி போட்ட ஓர் இளைஞன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் போன் பேசிக்கொண்டே எழுந்து போனான். வயதானவர்தான் கண்ணாடியில் முதலில் கண்டார்.

"தம்பி, ஒங்கட தொட்டி பொங்குதே."

தொட்டியின் விளிம்பு வரை வெள்ளை நுரை. சலவைத்தூள். பக்கத்தில் கசங்கிய தாள் ஒன்று கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சதீஸ்குமார் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டான். ஒன்றும் மிஞ்சவில்லை. குஞ்சுகளைத் தேடக்கூட முடியவில்லை.

செய்தி கேட்டு முஸ்தாக் ஓடிவந்தார். "பொலிஸுக்குப் போவம் மச்சான்."

"யாருன்னு சொல்றது? தொப்பிய மட்டும்தான் பாத்தேன்."

தொட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினான். மொஸ் கட்டிய கல்லைக் குழாயடியில் பிடித்து, நுரை நிற்கும் வரை பிழிந்து பிழிந்து அலசினான். பச்சை முழுவதும் வெளிறி, தேயிலைச் சக்கை நிறத்துக்கு வந்திருந்தது.

"எறிஞ்சிடு. நான் புதுசு தாறன்" என்றார் முஸ்தாக்.

"வேணாம். இதுதான் வேணும்."

"செத்துட்டு மச்சான் அது."

"செத்துச்சா இல்லையான்னு அது சொல்லட்டும்."

அந்தச் சக்கையை ஒரு ஜாம் போத்தலில் போட்டு, குசினி ஜன்னலுக்குக் கீழே நிழலில் வைத்தான். தினமும் தண்ணீர் மாற்றினான். வெறும் தொட்டியை மட்டும் மறைக்கவில்லை. பழைய இடத்திலேயே வைத்து, தண்ணீர் நிரப்பி, பல்பையும் போட்டான். வருகிறவர்கள் எல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள். "கொன்னுட்டாங்க" என்றான். யார் என்று கேட்டவர்களுக்கு, ஏன் கொன்றார்கள் என்பதைச் சொன்னான். பெட்டி கொண்டுபோகாத கதையை, துக்க வீட்டுக் கதிரையை, அப்பாவின் கையைத் தட்டிவிட்டதை, முடி வெட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னான். இதுவரை அவன் வாயால் வெளியே வராத கதை அது. பதுளை டவுனில் பாதிப் பேருக்குத் தெரிந்துபோயிற்று.

கருமாதிக்கு முதல் நாள், தோட்டத்தில் வீரய்யாவின் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இராக்கம்மா சதீஸ்குமாருக்குப் போன் எடுத்தார்.

"சதீசு, ஒங்கப்பாவுக்கு மேல் கொதிக்குது. ஆனா நாளைக்கு ஆத்தடிக்கு வந்தே ஆகணும்னு சொல்லிட்டுப் போயிருக்கானுங்க. அந்த மனுசனும் போறேங்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

மறுநாள் சதீஸ்குமார் போனபோது ஆற்றடியில் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீரய்யா கல்லின் அருகே ஈர மண்ணில் குந்தியிருந்தார். முதல் ஆளின் தலையில் தண்ணீர் தடவியாயிற்று. சதீஸ்குமார் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் குந்தினான். தகப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கத்தியை வாங்கி, மடக்கிப் பெட்டிக்குள் வைத்தான். பெட்டியை மூடினான்.

"எழும்புங்க அப்பா. வீட்டுக்குப் போவோம்."

சன்னாசி எழுந்தார். "யாரக் கேட்டுடா கூட்டிட்டுப் போற?"

"எங்கப்பாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக நான் யாரையும் கேக்கத் தேவையில்லைங்க."

"போனா காம்பராவுக்குப் பூட்டு விழும்."

"காம்பரா தோட்டத்துத் தொர குடுத்தது. நீங்க குடுத்ததில்ல. அவரு இந்த மலையில கொழுந்து சுமந்த ஆளு."

சன்னாசி அவனை விட்டுவிட்டு வீரய்யாவைப் பார்த்தார். குரலை இறக்கினார். "வீரய்யா, நீ ஒக்காரு. சின்னப்பய பேச்சக் கேட்டு நம்ம மொறைய விட்டுடாத."

எல்லோரும் வீரய்யாவைப் பார்த்தார்கள். சதீஸ்குமாரும் பார்த்தான். இதற்கு மேல் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீரய்யா தன் கையை முன்னால் நீட்டி, அது ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே," என்றார், "அன்னைக்கு ஒங்க தம்பி என் கையத் தட்டி விட்டாரு. நான் கத்தியக் கழுவிட்டு மறுபடியும் வழிச்சேன். ஒங்கம்மா கிடந்தாங்க, அவங்களுக்காக வழிச்சேன். இன்னைக்கு முடியாதுங்க."

முழங்காலில் கையூன்றி எழுந்தார். மகன் தாங்கப்போனான். அவர் கையை விலக்கிவிட்டுத் தானாகவே நின்றார். தலையில் தண்ணீர் தடவிய ஆள் அப்படியே சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். கரையேறும்போது பின்னாலிருந்து ஏச்சு வந்தது. ஒருவன் கல்லும் எறிந்தான், படவில்லை. மேல் பாதையில் கொழுந்துக்கூடையோடு நின்ற இராக்கம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்:

"வீரய்யாண்ணே! சாரத்த ஒசத்திக் கட்டிக்கிட்டு மெல்ல நடங்க! காம்பராவுல இருக்கிற சாமான நான் பூட்டி வைக்கிறேன்!"

பதுளைக்கு வந்த வீரய்யா முதல் சில வாரம் யாரோடும் அதிகம் பேசவில்லை. பகல் முழுவதும் குசினி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஜாம் போத்தலைக் காட்டி, "இது என்னா கஷாயமா?" என்று தனுஜாவிடம் கேட்டாராம். ஆனால் சில நாளில் அதற்குத் தண்ணீர் மாற்றுவது அவர் வேலையாகிவிட்டது. ஒருநாள் காலை, "சக்கையில பச்ச தெரியுதுடா" என்று அவர்தான் வந்து சொன்னார். ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று தளிர். தனுஜா அதைப் பிரித்தெடுத்துப் புதிய கல்லில் நூல் சுற்றினாள். முஸ்தாக் கப்பி மீன்களைக் கொண்டுவந்து விட்டார். காசு கொடுத்தபோது கோபித்துக்கொண்டார்.

நரிக்கல் தோட்டத்தில் அடுத்த சாவு விழுந்தபோது யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மூத்த மகனுக்கு இளைய மகன் கடை ரேசரால் மழித்துவிட்டான். கொள்ளிக்குடத்தைத் தாய்மாமன் ஆணியால் துளைத்தார். சங்கை ஊதத் தெரியாமல் ஊதி, ஊதியவனுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். இராக்கம்மா போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "பொணம் எரியத்தான் செஞ்சிச்சு" என்றார்.

பையன்களும் மெல்லத் திரும்பினார்கள். முதலில் வந்த இருவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று குசினிப் பக்கமாகச் சுற்றி வந்து கதவைத் தட்டினார்கள். தனுஜா கதவைத் திறந்தாள், ஆனால் விலகி வழி விடவில்லை.

"முன் வாசலால வாங்க. இது திருட்டுக் கடையா?"

அவர்கள் தயங்கி, குறுக்குச் சந்து வழியே சுற்றிக்கொண்டு, முன் வாசலால் வந்தார்கள். பிறகு மற்றவர்களும் அப்படியே. சன்னாசி வரவில்லை. அவர் வருவார் என்று சதீஸ்குமார் காத்திருக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவன் "வாங்க தலைவரே" என்று ஒவ்வொரு தடவையும் சத்தமாகக் கூப்பிடுவான். கேலிக்காக அல்ல, கடைக்காரன் யாரையும் கூப்பிடுகிற மாதிரி.

இந்த வருசம் மொஸ் பெருகியதில் இரண்டாவது தொட்டி வாங்கினான். சுற்றுலா நகரமான எல்லாவில் இருக்கும் ஒரு விடுதிக்காரர் தன் வரவேற்பறைத் தொட்டிக்கு மொஸ் கட்டிய கல் கேட்டிருந்தார். அந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, சதீஸ்குமார் தெருவைப் பார்த்த வாசலோரத்தைக் காட்டினான். வெயில் படாமலிருக்க மேலே ஒரு தட்டி கட்டினால் போதும் என்றான். போகிற வருகிற யாரும் கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம்.

"அங்கயா வைக்கப் போறீங்க?" என்றாள் தனுஜா. "மறுபடி எவனாவது எதையாவது கொட்டினா?"

"கொட்டட்டும்," என்றான் சதீஸ்குமார், தொட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே. "கழுவி வைப்பேன். நீ அந்தப் பக்கம் பிடி."